இன்மையை அறியும் உயிரணு

தன் உடலுக்குரிய பொருளையும் பிறிதையும் உடல் எவ்வாறு வேறுபடுத்துகிறது என்னும் கேள்வியை நோயெதிர்ப்பியலின் நடுவே கொண்டுவந்து வைத்தவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் மக்ஃபார்லேன் பர்னெட். ஃபிராங்க் ஃபென்னருடன் சேர்ந்து 1949இல் அவர் வெளியிட்ட நூலிலும், 1957இல் முன்வைத்த குளோன் தேர்வுக் கொள்கையிலும் ‘தான்’, ‘பிற’ என்னும் பாகுபாடு அடித்தளமாக அமைந்தது; 1960இல் பீட்டர் மெடவாருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, அதுவரை மெய்யியலாருக்கும் சமயவாதிகளுக்கும் உரியதாயிருந்த ‘தான்’ ஆய்வகத்திலும் குடியேறிவிட்டிருந்தது. இந்தத் ‘தான்’ ஒரு கோட்பாடா அல்லது உருவகம் மட்டுமா என்று ஆல்ஃபிரட் டாபர் 1994இல் ஒரு நூல் முழுவதும் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் கொள்கைகளின் வரலாற்றைப் புரட்டுவதால் மட்டும் அதற்கு விடை கிடைத்துவிடாது. உயிரணுக்களின் மேற்பரப்பில் நின்று எது தனது எனத் தீர்க்கும் ஏற்பிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த ஏற்பியின் மரபணு எந்த மூதாதையிலிருந்து எப்படிப் பிரிந்து வந்தது என்னும் அந்த வமிச வரலாறு, ‘தான்’ என்பது ஏற்பிக்குள் பொதிந்துவைக்கப்பட்ட ஒரு பொருளாக இருக்கமுடியுமா என்பதை நேரடியாகவே தொடுகிறது.

ஏற்பி என்பது உயிரணுவின் மேலுறையில் பதிந்து, வெளிப்புறம் ஒரு தலையும் உட்புறம் ஒரு வாலுமாக நிற்கும் புரதம். தலை வெளியிலுள்ள ஒன்றைப் பற்றும்போது வால் உள்ளே செய்தி அனுப்ப, உயிரணு அதற்கேற்பச் செயல்படும் அல்லது அடங்கும். இங்கே எடுத்துக்கொள்ளப்படும் ஏற்பிகள் இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் என்னும் வெள்ளணு வகைக்கு உரியவை. 1975ஐ ஒட்டி இனங்காணப்பட்ட இவ்வுயிரணுக்கள், முன்னறிமுகம் ஏதுமின்றியே சில புற்றணுக்களைக் கொன்றதால் அப்பெயர் பெற்றன; எதைக் கண்டு கொல்கின்றன என்பது மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. மற்றொரு வகைக் கொல்லிகளான டி உயிரணுக்களின் வழி இதைவிடத் தெளிவானது. உட்கருவுள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் எம்.எச்.சி. முதல் வகை என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கி, அதன் பிளவில் தம்முள்ளே உண்டாகும் புரதங்களின் துண்டுகளை வைத்துக் காட்டுகின்றன. துண்டு அயலானதாக இருந்தால் டி உயிரணு தாக்குகிறது. மனிதரில் இந்த எம்.எச்.சி. எச்.எல்.ஏ. எனப்படுகிறது, அது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால்தான் மாற்று உறுப்பு வைக்கும் முன் கொடுப்பவருடையதையும் பெறுபவருடையதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிளாஸ் கேரே இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பினார். இயற்கைக் கொல்லி பகையின் அடையாளத்தைத் தேடி அலைவதில்லை, இருக்கவேண்டிய தன்னடையாளம் இல்லாமற்போனதையே கண்டுகொள்கிறது என்னும் கருத்தை அவர் 1981இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்தார். அவரும் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் லிம்போமாப் புற்றணுக்களுள் எம்.எச்.சி.யை இழந்த திரிபுகளை அதே இனத்து எலிகளுக்குள் செலுத்தினர், எம்.எச்.சி. உள்ள மூலப் புற்றணுக்கள் வளர்ந்து பெருக, அதை இழந்தவை இயற்கைக் கொல்லிகளால் ஒழிக்கப்பட்டன. டி உயிரணுவின் பார்வையில் படாமலிருக்க வைரஸ்கள் பலவும், தாம் புகுந்த உயிரணுவின் எம்.எச்.சி.யை மேற்பரப்புக்கு வரவிடாமல் மறிக்கின்றன என்பதை நினைத்தால், இப்படியொரு காவல் ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்கும். ‘தானின் இன்மை’ எனப் பெயரிடப்பட்ட இக்கொள்கைக்கு 1992இல் மூலக்கூறு அளவில் சான்று கிடைத்தது: எலியின் கொல்லி உயிரணுவிலுள்ள லை49ஏ என்னும் ஏற்பி எம்.எச்.சி.யைப் பற்றும்போது அந்தக் கொல்லி அடங்கிப்போவதை வெய்ன் யோகோயாமா குழுவினர் காட்டினர்.

இல்லாத ஒன்றை அறிதல் எங்ஙனம் கூடும் என்பது இந்திய அளவையியலில் நெடுங்காலம் வழக்காடப்பட்ட பொருள். மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் சொல்லப்படும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. குமாரில பட்டரின் மீமாம்சை, இன்மையை அறிவதற்கு அனுபலப்தி, அதாவது காணாமை, என்னும் தனி அளவை உண்டு என்றது. அத்வைதிகளும் அதை ஏற்றனர். நையாயிகர் இன்மையையும் ஒரு பதார்த்தமாகக் கொண்டு, அது காட்சியாலேயே அறியப்படும் என்றனர். பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையை அனுமானத்துக்குரிய ஏதுக்களுள் ஒன்றாக வைத்தார். இவர்கள் எல்லாரிலும் சிக்கனமானவர் பிரபாகரர்: இன்மை என்று தனியே ஒன்றும் இல்லை, தரையில் குடம் இல்லை என்று அறிவது வெறுந்தரையை அறிவதேயன்றி வேறில்லை என்று அவர் முடித்துவிட்டார். அனுபலப்தியை ஏற்றவர்கள் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர். காணாமை மட்டும் இன்மைக்குச் சான்றாகாது. அப்பொருள் அங்கே இருந்திருந்தால் தவறாமல் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி முன்கூட்டியே அமைந்திருக்கவேண்டும். இருட்டில் குடத்தைக் காணாதவன், குடம் இல்லை என்று சொல்ல உரிமையற்றவன்.

கொல்லி உயிரணுவின் நடத்தையில் இந்த நிபந்தனை வியப்பூட்டும் வகையில் நிறைவேறுகிறது. எம்.எச்.சி. முதல் வகை மேற்பரப்பில் தோன்றாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகள் உண்டு. கேரேயின் கொள்கையை நேராகப் பொருத்தினால், அந்த எலிகளின் கொல்லிகள் உடல் முழுவதையும் தாக்கித் தீர்க்கவேண்டும். அப்படி நிகழ்வதில்லை. அங்கே முதிரும் கொல்லிகள் மந்தமாகவே இருந்துவிடுகின்றன. கொல்லி உயிரணு முதிரும் காலத்தில் தன் தடுப்பு ஏற்பியால் தன் உடலின் எம்.எச்.சி.யைச் சந்தித்திருந்தால்தான், பின்னாளில் அது காணாமற்போகும்போது எதிர்வினை காட்டும் திறனைப் பெறுகிறது. 2005இல் விளக்கம் பெற்ற இந்நிகழ்வை ஆய்வாளர் சிலர் ‘உரிமம் பெறுதல்’ என்றும் சிலர் ‘பயிற்றல்’ என்றும் வழங்குகின்றனர். இருப்பைச் சந்தித்திராத உயிரணுவுக்கு இன்மையும் புலப்படுவதில்லை.

இதுவரை குமாரிலர் பக்கமே வழக்கு சாய்வதாகத் தோன்றும். ஆனால் மனித இரத்தத்தின் சிவப்பணுக்களில் எம்.எச்.சி. முதல் வகை ஏறக்குறைய இல்லவே இல்லை. இருந்தும் கொல்லிகள் அவற்றைத் தொடுவதில்லை, ஏனெனில் கொல்லியைத் தூண்டும் அடையாளங்களும் சிவப்பணுவில் இல்லை. ஆகவே கொல்வதற்கு இன்மை போதாது. தூண்டும் ஏற்பிகள் எதையேனும் பற்றியிருக்கவேண்டும்; அந்தத் தூண்டலை அழிக்கும் தடை வராமலும் இருக்கவேண்டும். உயிரணுவின் உள்ளே நிகழ்பவை எல்லாம் உடன்பாட்டுச் செய்திகள்தாம். இன்மை என்னும் செய்தி அங்கே எந்த மூலக்கூறிலும் எழுதப்படுவதில்லை, தடையின்றித் தூண்டல் மட்டும் எஞ்சிநிற்கும் நிலைக்கு வெளியிலிருந்து பார்ப்பவர் இடும் பெயரே அது. பொறிமுறையின் அளவில் பிரபாகரரின் வெறுந்தரையே பொருந்துகிறது, பயிற்சியின் அளவிலோ குமாரிலர் தரப்பின் நிபந்தனை நிற்கிறது. இருவரும் பேசியது உணர்வுள்ள அறிபவனைப் பற்றி என்பதால், உயிரணுவை நடுவராக வைத்து அவர்களுடைய வழக்கைத் தீர்க்க முற்படுவது வீண். ஆனால் ‘தான்’ எது என்னும் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உயிரணு காவல் நிற்கிறது என்னும் படம் குலைவதற்கு இவ்வளவே போதும்.

அந்தப் படத்தை இன்னும் ஆழமாகக் குலைப்பது ஏற்பிகளின் வமிசம். எலியில் இந்தத் தடையைச் செய்யும் லை49 குடும்பத்தின் மரபணுக்கள் எலியின் 6ஆம் குரோமோசோமில் கொத்தாக அமைந்துள்ளன. மனிதரில் அதே வேலையைச் செய்வது கே.ஐ.ஆர். என்னும் குடும்பம், அதன் பதினைந்தளவு மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமின் நீண்ட புயத்தின் முனையருகே நெருக்கமாக வரிசையில் நிற்கின்றன. இரு குடும்பங்களும் எம்.எச்.சி. முதல் வகையைப் பற்றுகின்றன, இரண்டும் கொல்லியை அடக்குகின்றன, இரண்டிலும் ஒரே உடலின் ஒவ்வொரு கொல்லி உயிரணுவும் குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினர்களை வெளிக்காட்டுகிறது. இத்தனை ஒற்றுமையையும் காண்பவர் அவை ஒரு மூதாதையின் வழிவந்தவை என்றே எண்ணுவார். அவற்றுக்கிடையே அப்படிப்பட்ட உறவு இல்லை. கே.ஐ.ஆரின் தலை, எதிர்ப்பொருள்களில் காணப்படும் இம்யுனோகுளோபுலின் மடிப்புகளால் ஆனது. லை49இன் தலை, சர்க்கரைகளைப் பற்றும் லெக்டின் புரதங்களின் மடிப்பைக் கொண்டது, ஆனாலும் அது எம்.எச்.சி.யைப் பற்றச் சர்க்கரையை நாடுவதில்லை. உயிரணு ஒரு புரதத்தைத் தொடுக்கத் தொடங்கும் முனையை முதல் என்று கொண்டால், கே.ஐ.ஆரின் முதல் வெளியேயும் முடிவு உள்ளேயும் இருக்க, லை49இல் முதல் உள்ளேயும் முடிவு வெளியேயும் இருக்கிறது. ஒன்றின் வால் புரதத்தின் கடைசிப் பகுதி, மற்றதன் வால் புரதத்தின் தொடக்கம். இவ்வளவு முரணான இரு வால்களிலும், டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை நடுவே கொண்ட ஒரே வகைத் தடுப்புக் குறி காணப்படுகிறது. தலை எம்.எச்.சி.யைப் பற்றியதும் அந்த டைரோசினில் பாஸ்பேட் ஏறுகிறது, எஸ்.எச்.பி.1 என்னும் நொதி அங்கே வந்து ஒட்டிக்கொண்டு, தூண்டற் செய்திகளைத் துண்டிக்கிறது.

உறுப்புகளின் ஒற்றுமையில் இருவகை உண்டு என்று 1843இல் பிரித்துக்காட்டியவர் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன்: உருவமும் பயனும் எவ்வளவு மாறினும் அதே உறுப்பாக இருத்தல் ஒன்று, அமைப்பில் தொடர்பில்லாமல் ஒரே பயனைத் தருதல் மற்றொன்று. முதல் வகைக்கு ஓவன் ஒரு மூலமாதிரியைக் காரணமாகக் கருதினார். 1859இல் டார்வின் அந்த இடத்தில் பொது மூதாதையை வைத்தார். லை49உம் கே.ஐ.ஆரும் இரண்டாம் வகைக்குத் தெளிவான சான்று. மனிதரின் 12ஆம் குரோமோசோமில் லை49இன் உறவான மரபணு ஒன்றே ஒன்று செயலிழந்து கிடக்கிறது, எலியிலோ கே.ஐ.ஆர். போன்ற மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் சிலவாக ஒதுங்கியுள்ளன. பழைய பாலூட்டி மூதாதையிடம் இரு குடும்பத்தின் வித்தும் இருந்திருக்கவேண்டும், ஒவ்வொரு கிளையும் ஒன்றைப் பெருக்கி மற்றதைக் கைவிட்டிருக்கவேண்டும். குதிரையில் லை49 பெருகியது. மாட்டில் கே.ஐ.ஆர். பெருகியது, ஆனால் மனிதரில் பெருகிய கிளை வேறு, மாட்டில் பெருகிய பழங்கிளை வேறு. கடல்நாய்களும் கடற்சிங்கங்களும் இரண்டிலும் ஒவ்வொன்றை மட்டும் வைத்துக்கொண்டன. மடகாஸ்கரின் சுண்டெலி லெமூரோ இரண்டையும் விட்டு, சி.டி.94, என்.கே.ஜி.2 என்னும் மூன்றாவது குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டது. ‘தானை’ அறியும் கருவி என்று ஒன்று உயிரின் சாரத்தில் பதிந்திருந்தால், அது இப்படிக் கிளைக்குக் கிளை வேறு வேறு சரக்கைக்கொண்டு புதிதாகச் செய்யப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கல், ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறது. கே.ஐ.ஆர். மரபணுக்களின் பெயர்கள் வறண்டவை, ஆனால் அமைப்பை அப்படியே சொல்பவை: 2டிஎல்1 என்றால் தலையில் இரண்டு மடிப்பும் நீண்ட வாலும் கொண்டது, 2டிஎஸ்1 என்றால் அதே இரண்டு மடிப்பும் குறுகிய வாலும் கொண்டது, 3டி என வருபவற்றுக்கு மடிப்பு மூன்று. நீண்ட வாலில் தடுப்புக் குறி இருக்கிறது. குறுவாலில் அது இல்லை. மாறாக, மேலுறைக்குள் புதைந்த பகுதியில் லைசின் என்னும் மின்னேற்றமுள்ள அமினோ அமிலம் ஒன்று அமர்ந்து, டி.ஏ.பி.12 என்னும் துணைப் புரதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. துணைப் புரதத்தின் வாலில் தூண்டற் குறி உண்டு. இதனால் 2டிஎல்1, 2டிஎஸ்1 ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே தலையோடு, எச்.எல்.ஏ. வகைகளுள் ஒன்றான எச்.எல்.ஏ.-சி.யின் ஒரே வடிவத்தைப் பற்ற, முன்னது கொல்லியை அடக்குகிறது, பின்னது கிளப்புகிறது. இன்னும் விசித்திரமானது 3டிஎல்1, 3டிஎஸ்1 இணை. இவை இரண்டும் ஒரே மரபணு இடத்தின் மாற்று வடிவங்கள். குரோமோசோமின் அதே இடத்தில் ஒருவர் தடையை மரபாகப் பெற, மற்றொருவர் தூண்டலைப் பெறுகிறார்.

எது முந்தியது? லாரன்ட் அபி-ரஷீத், பீட்டர் பார்ஹாம் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, கே.ஐ.ஆரிலும் லை49இலும் தூண்டும் ஏற்பிகள் தடுப்பு ஏற்பிகளிலிருந்து திரும்பத் திரும்பத் தோன்றியிருப்பதையும், தோன்றியவை நெடுநாள் நிலைப்பதில்லை என்பதையும் வமிசப் பகுப்பால் காட்டியது. தடைதான் பழையது, தூண்டல் அதன் பிள்ளை. மரபணு இரட்டிப்பு என்னும் நிகழ்வில் ஒரு படி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றப் படி வேறாக மாறும் விடுதலை பெறுகிறது என்று சுசுமு ஓனோ 1970இல் வாதிட்டதற்கு இக்குடும்பம் நல்ல எடுத்துக்காட்டு.

அந்த மாற்றம் எப்படிப்பட்ட நெருக்கடியில் நிகழ்கிறது என்பதை எலியின் சைட்டோமெகலோ வைரஸ் காட்டுகிறது. எம்157 என்னும் ஒரு புரதத்தை இவ்வைரஸ் உண்டாக்குகிறது. அதன் வடிவம் எம்.எச்.சி. முதல் வகையை ஒத்திருக்கிறது. 129 என்னும் எலி இனத்தில் அது லை49ஐ என்னும் தடுப்பு ஏற்பியைப் பற்றிக் கொல்லியை அடக்கக்கூடியது. சி57பிளாக்6 என்னும் இனத்தில் லை49எச் என்னும் தூண்டும் ஏற்பியில் போய் மாட்டிக்கொள்கிறது, அந்த எலிகள் வைரஸை எதிர்த்துத் தாங்குகின்றன. 2002இல் வெளியான இக்கண்டுபிடிப்புகளிலிருந்து ஆய்வாளர் உய்த்துணர்ந்த வரலாறு இது: தடுப்பு ஏற்பியை ஏமாற்ற வைரஸ் ‘தானின்’ வேடம் பூண்டது, அந்த வேடத்தைப் பற்றிய தலையின் ஒரு படி, வாலை மாற்றிக்கொண்டு, ஏமாற்றத்தையே எச்சரிக்கையாக்கியது. வைரஸும் விடவில்லை, லை49எச் உள்ள எலிகளின் வழியே ஆய்வகத்தில் அதைத் தொடர்ந்து கடத்தியபோது, எம்157 மாறிப்போன திரிபுகள் விரைவில் தலையெடுத்தன. தூண்டும் ஏற்பிகள் ஏன் குறுகிய ஆயுள் உடையவை என்பதற்கும் இதில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது.

காரியம் தோன்றுமுன் காரணத்திலேயே இருக்கிறது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொண்டனர். தோன்றுமுன் இல்லாததே தோன்றுகிறது என்பது நையாயிகர் கட்சி. தூண்டும் ஏற்பி அதன் தடுப்பு மூதாதைக்குள் முன்னமே இருந்ததா? சற்காரியவாதி சொல்லத்தக்கவை பல உள்ளன. தலை முன்னமே இருந்தது. துணைப் புரதம் உயிரணுவில் வேறு ஏற்பிகளுக்காக ஆயத்தமாக இருந்தது. வேண்டியிருந்தவை மரபணுவில் சில எழுத்து மாற்றங்களே. எனினும் அந்த மாற்றம் ‘தூண்டும் ஏற்பி’ என்னும் பயன்பொருளாக நிலைபெற்றது ஏற்பிக்குள் இருந்த எதனாலும் ஆகாது. பகையொன்று தானின் வேடம் பூண்டு வந்ததால் ஆனது. சரக்கு பழையது, பொருள் புதிது என்று பிரித்துச் சொல்வதே இங்கே நேர்மையாக இருக்கும். சித்தாந்திகள் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசியது இவ்விடத்தில் வெறும் வாய்பாட்டுப் பேச்சாகத் தோன்றவில்லை.

‘மூதாதை’ என்பதும் இங்கே முழுப்பொருளில் நிற்பதில்லை. கே.ஐ.ஆர். மரபணுக்கள் நெருங்கியும் ஒத்தும் இருப்பதால், இனப்பெருக்க அணுக்கள் உண்டாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் வேளையில் ஒன்றன் முற்பகுதி மற்றொன்றன் பிற்பகுதியோடு ஒட்டிக்கொள்வது அடிக்கடி நேர்ந்திருக்கிறது. 2டிஎல்2 அப்படிப்பட்ட ஒன்று: அதன் தலை 2டிஎல்3 வழியில் வந்தது, தண்டும் வாலும் 2டிஎல்1 வழியில் வந்தவை. ஆகவே இதன் வமிசத்தை வரைபவர் தலைக்கு ஒரு மரமும் வாலுக்கு வேறொரு மரமும் வரையவேண்டியிருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தலையின் உள்ளேயும் மாறுதலுக்கு வேண்டியது சிறிதே. எச்.எல்.ஏ.-சி. புரதத்தின் 80ஆம் இடத்தில் அஸ்பராஜின் இருந்தால் அது சி1 எனவும் லைசின் இருந்தால் சி2 எனவும் வகுக்கப்படுகிறது. 2டிஎல்3 சி1ஐயும் 2டிஎல்1 சி2ஐயும் நாடுகின்றன. இந்த விருப்பத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் ஏற்பியின் 44ஆம் இடம்: அங்கே முன்னதில் லைசினும் பின்னதில் மெத்தியோனினும் இருக்கின்றன, அந்த ஒன்றை மாற்றினாலே விருப்பம் திரும்பிவிடுவதைச் சோதனைகள் 1990களிலேயே காட்டின. எது ‘தனது’ என்னும் தீர்ப்பு ஓர் அமினோ அமிலத்தின் மீது சாய்ந்து நிற்கிறது.

இவற்றினும் பொருளுள்ள செய்தி ஒன்று உண்டு. ஏற்பியின் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் இருக்க, அவை பற்றவேண்டிய எச்.எல்.ஏ.வின் மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இவை தனித்தனியே இறங்குகின்றன. ஆதலால் சி2ஐத் தேடும் ஏற்பியைப் பெற்ற ஒருவர், சி2 இல்லாத உடலைப் பெற்றிருக்கலாம். அப்படிப்பட்டோர் அரியவரும் அல்லர். அவருடைய ஏற்பி தேடும் ‘தான்’ அவரிடம் இல்லை, அவர் மூதாதை ஒருவரிடம் இருந்தது. அந்த ஏற்பியை மட்டும் தாங்கிய கொல்லிகள் பயிற்சி பெறாமல் மந்தமாக நிற்க, வேறு ஏற்பிகளைத் தாங்கியவை காவலைப் பார்த்துக்கொள்கின்றன. ‘தான்’ என்பதை ஏற்பியில் தேடினாலும் எச்.எல்.ஏ.யில் தேடினாலும் கிடைக்காததன் காரணம் இதுவே. வெவ்வேறு வரலாறு கொண்ட இரு மரபுகள் ஓர் உடலில் சந்தித்து, அந்தச் சந்திப்பில் ஏற்படும் உறவாகவே அது இருக்கிறது. இரு தரப்பில் ஒன்று மாறினும் உறவு மாறிவிடும்.

இவ்விடத்தில் பௌத்தத்தின் அனாத்ம வாதத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. சிலி நாட்டு உயிரியலாளரும் பௌத்தத் தியான மரபில் ஆழ்ந்தவருமான ஃபிரான்சிஸ்கோ வரேலா, நீல்ஸ் ஜெர்னே 1974இல் முன்வைத்த வலைப்பின்னல் கொள்கையைத் தொடர்ந்து, நோயெதிர்ப்பு மண்டலம் பகையைத் தேடும் படை என்னும் கருத்தைக் கைவிட்டு, தன்னைத் தானே ஓயாமல் நிலைநிறுத்திக்கொள்ளும் ஒரு வலையாக அதைக் காண வேண்டும் என்றார். எவான் தாம்ஸன், எலினோர் ராஷ் ஆகியோருடன் 1991இல் எழுதிய ‘தி எம்பாடீட் மைண்ட்’ நூலில் பௌத்தத்தின் தானின்மையை அறிவாற்றல் ஆய்வோடு இணைத்துப் பேசினார். வரேலாவின் துணிவு மதிக்கத்தக்கது, ஆனால் அவரைப் பின்பற்றி எழுதுவோரிடம் காணும் அவசரம் அத்தகையது அன்று. ஏற்பிகளின் வமிசம், பௌத்தர் கூறும் சார்பில் தோன்றுதலுக்கு ஒத்த வடிவத்தில் நடந்திருக்கிறது என்பது உண்மை. அதனால் ஆன்மா இல்லை என்பது பெறப்படாது, ஏனெனில் மெய்கண்டார் வழிவந்த சித்தாந்திகளும் வேதாந்திகளும் நிறுவ முயன்ற ஆன்மா அறியப்படும் உடற்பொருள் அன்று, அறிகின்ற அறிவு. எதிர்த்தரப்பின் ஆசையும் இதே அளவுக்குத் தடுக்கப்படவேண்டியது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தக் கருத்தைக் கொல்லி உயிரணுவின் பயிற்சியோடு சேர்த்துப் படிப்பது சுவையானதுதான். ஆனால் சித்தாந்தத்தின் உயிர் சித்துப்பொருள், கொல்லியோ அச்சமயத்தின் கணக்கில் சடம். இந்த வமிச வரலாறு மறுப்பது ஒன்றை மட்டும்: உடலின் ‘தான்’ என்பதை உடலிலேயே ஒரு சாரமாகக் காட்டிவிடலாம் என்னும் எண்ணத்தை. அதை மறுக்கப் பௌத்தராக வேண்டியதில்லை.

பர்னெட்டின் பாகுபாடு மிகவும் தடுமாறும் இடம் கருப்பை. கருவின் மரபில் பாதி தந்தையுடையது. கருவிலிருந்து கிளைத்துத் தாயின் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் நஞ்சுக்கொடி உயிரணுக்கள் எச்.எல்.ஏ.-ஏ., எச்.எல்.ஏ.-பி. ஆகியவற்றைக் காட்டாமல், எச்.எல்.ஏ.-சி.யை, தந்தை வழி வந்ததையும் உள்ளடக்கி, காட்டுகின்றன. அவ்விடத்தில் தாயின் இயற்கைக் கொல்லிகள் பெருந்திரளாகக் குவிந்திருக்கின்றன, ஆனால் கொல்வதற்காக இல்லை. ஊடுருவலை ஒழுங்குபடுத்தி, கருவுக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களை அகலமாக்கும் பணியில் அவை பங்கேற்கின்றன. கே.ஐ.ஆர். மரபணுக்கள் மனிதரில் ஏ, பி என்னும் இரு வகைத் தொகுதிகளாக இறங்குகின்றன: ஏ தொகுதியில் தூண்டும் ஏற்பி ஒன்றுக்கு மேல் இல்லை, அதுவும் பலரிடம் குறைபட்டது, பி தொகுதியில் தூண்டுபவை பல இருக்கக்கூடும். ஆஷ்லி மொஃபெட் குழுவினர் கேம்பிரிட்ஜில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரு பக்கமும் ஏ தொகுதியைப் பெற்ற தாயின் கரு சி2ஐக் கொண்டிருந்தால் முன்சூல்வலிப்பு என்னும் ஆபத்தான இரத்த அழுத்த நோய் மிகுதியாக வருவது தெரிந்தது. அங்கே நேர்வது மிகைத்தாக்குதல் இல்லை, மிகையான அடக்கம்: 2டிஎல்1 சி2ஐ வலுவாகப் பற்றிக் கொல்லியை மௌனமாக்க, நாளங்கள் போதிய அளவு விரிவதில்லை. சி2ஐப் பற்றித் தூண்டும் 2டிஎஸ்1 தாயிடம் இருந்தால் இந்த ஆபத்து குறைகிறது. அப்படியானால் இயற்கைத் தேர்வு ஏ தொகுதியை என்றோ களைந்திருக்கவேண்டும் அல்லவா என்றால், அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. 2டிஎல்3உம் சி1உம் மட்டும் சேர்ந்தவர்களிடம் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் தானே நீங்குவது கூடுதலாகக் காணப்பட்டதை அதே 2004இல் வேறொரு குழு வெளியிட்டது. 2டிஎல்3 ஏ தொகுதியின் உறுப்பினர். தொற்றின்போது ஆதாயமாவது பேற்றின்போது இழப்பாகலாம் என்பதால், இதுவரை ஆராயப்பட்ட மனிதக் குழுக்கள் எல்லாவற்றிலும் ஏ, பி இரண்டும் பங்கு அளவில் வேறுபட்டாலும் சேர்ந்தே நீடிக்கின்றன.